துருவ ஒளிக்கு மேலே: ஏற்றமுற்ற துணிக்கைகளின் ஆர்முடுகலும் செய்மதிகள் தந்த சான்றும்

ஒரு கருத்து எவ்வாறு ஏற்கப்படுகின்றது, எவ்வாறு புறந்தள்ளப்படுகின்றது என்ற வினா இலக்கிய வரலாற்று மாணவருக்குப் பழக்கமானது. ஒரு கோட்பாடு பல்லாண்டுகள் ஆட்சி செலுத்துவதற்கு அதன் உண்மை மாத்திரம் காரணமாவதில்லை. அதனை முன்வைத்தோரின் நிறுவன வலிமை, அக்காலத்துக் கருவிகளின் எல்லை, ஆய்வுக்குப் பணம் வழங்கியோரின் தேவை ஆகியனவும் அங்கே தொழிற்படுகின்றன. துருவ ஒளியைத் தோற்றுவிக்கும் இலத்திரன்கள் எங்கே, எவ்வாறு வேகம் பெறுகின்றன என்ற வினாவின் வரலாறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். பௌதிகவியலைத் தொழிலாகக் கொள்ளாத நாம் இவ்விடயத்தில் இறங்குவதற்கு இதுவே நியாயம்.

துருவ ஒளி பற்றி நமது வாசகர் பெரும்பாலும் படித்தே அறிந்திருப்பர். புவியின் காந்த முனைவுகளைச் சுற்றி, ஏறத்தாழ 65 பாகை தொடக்கம் 70 பாகை வரையான காந்த அகலக்கோடுகளில், வளையம்போல் அமைந்த வலயத்தில் அது தோன்றும். பெரும் காந்தப் புயல்களின்போது இவ்வலயம் நடுக்கோட்டை நோக்கி விரிவதுண்டு. 2024 மே மாதப் புயலில் இந்தியாவின் லடாக் பகுதியிலுள்ள ஹன்லே வானாய்வகத்திலிருந்து செந்நிற ஒளி படம்பிடிக்கப்பட்டது. பசிய ஒளி பெரும்பாலும் 100 கிலோமீற்றரை ஒட்டிய உயரங்களில் ஒட்சிசன் அணுக்களிலிருந்து 557.7 நனோமீற்றர் அலைநீளத்தில் வெளிப்படுகின்றது; செவ்வொளியும் அதே அணுவுக்குரியதே, ஆயின் 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஐதான வளியில் 630 நனோமீற்றரில் எழுகின்றது. மேலிருந்து வீழும் இலத்திரன்கள் வளியணுக்களைத் தாக்கிக் கிளர்த்துவதால் இவ்வொளி பிறக்கின்றது என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை.

ஐயம் எழுவது அதற்கு அடுத்த படியிலாகும். சூரியனிலிருந்து வரும் துணிக்கைகள் காந்தப்புலக் கோடுகள் வழியே துருவங்களில் இறங்கி ஒளி தருகின்றன என்று பாடநூல்கள் ஒரே வாக்கியத்தில் கூறிச் செல்வதை நாம் அறிவோம். அவ்வாக்கியம் முழுப் பொய்யன்று. எனினும் முக்கியமான செய்தியை அது விழுங்கிவிடுகின்றது. சூரியக் காற்றிலுள்ள இலத்திரன் ஒன்றின் சக்தி பத்து இலத்திரன் வோல்ற்று அளவினதே. புவியின் இரவுப் பக்கத்தில், காந்தமண்டலத்தின் வாற்பகுதியில் அமைந்துள்ள பிளாஸ்மாத் தகட்டில் அது சில நூறாக, ஆயிரமாக உயரலாம். ஒளிர்கின்ற வில்லொன்றினுள் வீழும் இலத்திரன்களோ 1,000 தொடக்கம் 10,000 இலத்திரன் வோல்ற்று வரையான சக்தியுடன், அதுவும் பலவேளைகளில் ஏறத்தாழ ஒரே சக்தியுடன் வந்து சேர்கின்றன. வழியில் எங்கோ அவற்றுக்கு ஆர்முடுகல் ஊட்டப்பட்டிருத்தல் வேண்டும். (தமிழகத்தார் 'முடுக்கம்' என்பதனை இலங்கைப் பாடநூல் வழக்கு 'ஆர்முடுகல்' என்கின்றது, நம் மாணவர் பயின்ற சொல்லையே இக்கட்டுரை முழுவதும் கையாள்கிறோம்.)

இவ்வினாவின் தொடக்கத்தில் நிற்பவர் நோர்வே நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் பேர்க்லண்ட். 1867இல் பிறந்த இவர், வெற்றிடக் கலமொன்றினுள் காந்தமேற்றிய கோளத்தைத் தொங்கவிட்டு, அதன்மீது கதோட்டுக் கதிர்களைச் செலுத்தி, அதன் முனைவுகளைச் சுற்றி ஒளி வளையங்கள் தோன்றுவதைக் காட்டினார். ஆய்வுகூடத்துப் புவி அது. 1899இலும் அடுத்த ஆண்டிலும் வட நோர்வேயின் ஹல்டே மலையுச்சியிலும், 1902-1903இல் நோர்வே, ஐஸ்லாந்து, ஸ்பிற்ஸ்பேர்கன், நோவாயா சிம்லியா ஆகிய நான்கு இடங்களிலும் கடுங்குளிரில் நிலையங்கள் அமைத்து, காந்த ஊசியின் அசைவுகளை ஒரே காலத்தில் பதிவுசெய்வித்தார். புவிமீது கிடையாகப் பாயும் மின்னோட்டங்களை அவை காட்டின. அம்மின்னோட்டங்கள் விண்ணிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியே இறங்கி, துருவ ஒளி வலயத்தில் கிடையாக ஓடி, மீண்டும் அக்கோடுகள் வழியே மேலேறுகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1908இலும் 1913இலும் வெளிவந்த பெருநூலில் இக்கருத்து விரிவாக வைக்கப்பட்டுள்ளது.

இவ்வாய்வுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். அரசு தந்தது போதவில்லை. பணம் தேடி, மின்காந்த விசையால் குண்டெறியும் பீரங்கியொன்றை அமைத்தார் பேர்க்லண்ட். 1903இல் அதனைப் பொதுவில் காட்டியபோது அது குறுஞ்சுற்றாகிப் பெருஞ்சத்தத்துடன் மின்வில்லொன்றைக் கக்கியது. படைக்கலம் தோல்வியுற்றது, அம்மின்வில்லோ வளியிலுள்ள நைதரசனை ஒட்சிசனுடன் சேர்ப்பதற்குரிய வழியாக, சாம் எய்டே என்ற பொறியியலாளரோடு கூட்டுச் சேர்ந்து அமைத்த உரத்தொழிலின் அடிப்படையாயிற்று. 1905இல் தோன்றிய நொஸ்க் ஹைட்ரோ நிறுவனம் இதன் விளைவு. நோர்வேயின் நீர்வீழ்ச்சிகளிற் பிறந்த மலிவான மின்சாரம், அந்நிய மூலதனம், விவசாயத்தின் உரத்தேவை, யுத்தத்தின் வெடிமருந்துத் தேவை ஆகிய யாவும் துருவ ஒளி ஆய்வின் பின்புலத்தில் நின்றன. பேர்க்லண்ட் 1917இல் டோக்கியோவில் காலமானார்.

அவருக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கருத்து ஒதுக்கப்பட்டே கிடந்தது. புவிக்காந்தவியலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த ஆங்கிலேய கணிதவியலாளர் சிட்னி சப்மன், காந்த ஊசியின் அசைவுகள் யாவற்றையும் அயன்மண்டலத்துக்குள்ளேயே சுற்றிவரும் மின்னோட்டங்களைக் கொண்டு விளக்கினார். விண்ணுக்குச் செல்லும் கம்பிகள் அவருக்குத் தேவைப்படவில்லை. சப்மனின் கணிதம் பேர்க்லண்டின் கைவேலையைவிட நேர்த்தியானது. அவர் தரப்பிலே தவறான கணக்கு எதுவுமில்லை என்பதே இங்கு சுவையான செய்தி. நிலத்தில் நின்று அளக்கும் காந்தப்புலத்தை மட்டுங் கொண்டு இவ்விரு அமைப்புகளையும் வேறுபடுத்தவே முடியாது. அயன்மண்டலத்தின் கடத்துதிறன் சீரானதெனக் கொண்டால், மேலிருந்து இறங்கும் ஓட்டமும் அதனோடு சேர்ந்து பரவும் ஓட்டமும் நிலத்தில் ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிடும் என்பதை யப்பானிய அறிஞர் புக்குஷிமா 1969இல் நிறுவினார்.

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் இந்நிலையை உடனே உணர்வர். சிதைந்த ஓர் அடிக்கு இரு பாடங்கள் சமமாகப் பொருந்தும்போது, யாப்பும் பொருளும் இரண்டையும் ஏற்கும்போது, எவ்வளவு நுட்பமான தருக்கமும் முடிவு தராது, சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் செய்ததுபோல் இன்னோர் ஏட்டைத் தேடிப் புறப்படுவதே வழி. துருவ ஒளி ஆய்வுக்கு அந்த இன்னோர் ஏடு, 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவும் வரை, எவர் கைக்கும் எட்டாத உயரத்திலிருந்தது.

இடைக்காலத்தில் பேர்க்லண்டின் நெறியை விடாது பற்றியவர் சுவீடன் நாட்டு ஹன்னெஸ் அல்வேன். காந்தப் புயல்களையும் துருவ ஒளியையும் பற்றி 1939இல் அவர் எழுதிய கட்டுரையைப் புவிக்காந்தவியலுக்குரிய அமெரிக்கச் சஞ்சிகை ஏற்கவில்லை; அது சுவீடன் விஞ்ஞானக் கழகத்தின் வெளியீடொன்றில் வந்து பலர் கண்ணிற் படாது போயிற்று. 1958இல் அவர் மேலும் ஒரு படி சென்று, காந்தப்புலத்துக்குச் சமாந்தரமான மின்புலம் துருவ ஒளிக்கு மேலே நிலவக்கூடும் என்றும், நேரேற்றமும் மறையேற்றமும் அருகருகே இரு படைகளாக நின்று இலத்திரன்களைக் கீழ்நோக்கி எறியக்கூடும் என்றும் எழுதினார். இந்த 'இரட்டைப் படை' வெறுங் கற்பனையன்று. இர்விங் லாங்மியூர் 1929இல் அதனை ஆய்ந்திருந்தார். சுவீடனின் உயரழுத்த மின்கடத்தலில் பயன்பட்ட பாதரசச் சீராக்கிகளில் மின்னோட்டம் திடீரெனத் தடைப்படுவதும் அல்வேன் குழுவினர் நன்கறிந்த தொல்லை. மின்தொழிலின் அன்றாடத் தொல்லையொன்று விண்பௌதிகத்துக்குக் கருத்து வழங்கியமை நமக்கு வியப்பளிப்பதற்கில்லை.

பெரும்பான்மை ஆய்வாளர் இதனை ஏன் மறுத்தனர் என்பதையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். விண்ணிலுள்ள பிளாஸ்மாவில் துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதுவது அரிது. ஆகவே காந்தப்புலக் கோட்டின் வழியே இலத்திரன்கள் தடையின்றி ஓடும். தடையில்லாத கம்பியின் இரு முனைகளுக்கிடையே அழுத்த வித்தியாசம் எவ்வாறு நிலைக்கும்? தோன்றிய கணமே இலத்திரன்கள் ஓடிவந்து அதனை அழித்துவிடுமல்லவா? காந்தப்புலக் கோடுகள் பிளாஸ்மாவோடு உறைந்தவைபோல் கூடவே நகர்கின்றன என்ற கொள்கையின் வேரும் இதுவே. நகைமுரண் என்னவெனில், அக்கொள்கையைத் தந்தவரே அல்வேன்தான். 1970இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், தாம் தந்த அக்கருத்தை விண்வெளிக்குக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்துதல் ஆகாதென அவரே எச்சரித்தார். ஆசிரியரின் கையை விட்டுப் போன பின் கருத்துக்குத் தனிவாழ்வு வந்துவிடுகின்றது.

முதலில் அசைந்தது றொக்கற்று மூலம் பெற்ற சான்றினால். கனடாவின் சேர்ச்சில் கோட்டையிலிருந்து 1958இல் ஏவப்பட்ட றொக்கற்றுகளில் அயோவாப் பல்கலைக்கழகத்துக் காள் மக்கில்வெயின் கருவிகளை வைத்தார். பிரகாசமான வில்லொன்றினுள் வீழும் இலத்திரன்கள் பெரும்பாலும் 6,000 இலத்திரன் வோல்ற்று அளவிலான ஒரே சக்தியைக் கொண்டிருந்தன என 1960இல் அவர் வெளியிட்டார். குழப்பமான மோதல்களால் சூடாக்கப்பட்ட துணிக்கைக் கூட்டத்தில் எல்லாச் சக்திகளும் கலந்திருக்கும். ஒரே அழுத்த வித்தியாசத்தின் ஊடாக வீழ்ந்தவையோ ஒரே சக்தியுடன் வந்துசேரும்.

அடுத்த சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படை, தன் ஏவுகணை நீர்மூழ்கிகள் நடுக்கடலில் தம் இருப்பிடத்தைக் கணிக்கும்பொருட்டு, கப்பலோட்டச் செய்மதிகளை ஏவிவந்தது. அவ்வேலைத்திட்டத்தைச் சேர்ந்ததும் 1,100 கிலோமீற்றர் உயரத்தில் பறந்ததுமான ஒரு செய்மதியில், அது எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதை அறிவதற்காகவே காந்தமானியொன்று பொருத்தப்பட்டிருந்தது. துருவ ஒளி வலயத்தைக் கடக்குந்தோறும் அக்காந்தமானி, முதன்மைப் புலத்துக்குக் குறுக்கான திசையில் துள்ளியது. அல்பிரட் ஸ்முடாவும் துணைவரும் 1966இல் இதனை வெளியிட்டபோது அலைகளாகவே கருதினர். அவை உண்மையில் பேர்க்லண்ட் கூறிய மின்னோட்டங்களின் விளைவே என 1967இல் கமிங்ஸ், டெஸ்லர் ஆகிய இருவர் எடுத்துக்காட்டினர். 1972இல் ஏவப்பட்ட ற்றயட் என்னும் செய்மதி ஐயத்தை நீக்கியது. அதன் பதிவுகளைக் கொண்டு 1976இல் இஜிமா, பொட்டெம்ரா ஆகியோர் இவ்வோட்டங்களின் முழு வரைபடத்தை அமைத்தனர். துருவத்தைச் சுற்றி இரு வளையங்கள்; ஒன்றில் ஓட்டம் இறங்கும் பக்கத்தில் மற்றதில் ஏறும். மொத்த ஓட்டம் பத்து இலட்சம் அம்பியர் என்னும் தரத்தது. சப்மன் 1970இலேயே காலமாகிவிட்டார்.

மின்னோட்டம் உண்டு என்பது தெளிந்தது. அதனை ஓட்டும் அழுத்தம் எங்கே? அயோவாவின் இன்ஜன் 5 செய்மதியைக் கொண்டு பிராங்க், அக்கேசன் இருவரும் 1971இல் ஒரு விசித்திரமான வடிவத்தை அறிவித்தனர். செய்மதி ஒளிவலயத்தைக் குறுக்கே கடக்கையில் வீழும் இலத்திரன்களின் சக்தி சிறிது சிறிதாக உயர்ந்து, நடுவில் உச்சமடைந்து, மறுபுறம் இறங்கிற்று. பதிவுத்தாளில் அது தலைகீழான ஆங்கில 'வி' எழுத்தைப்போல் காட்சியளித்தது. வலயத்தின் நடுவில் அழுத்த வித்தியாசம் மிகுந்தும் ஓரங்களில் குறைந்தும் உள்ளதெனக் கொண்டால் இவ்வடிவம் இயல்பாகவே கிட்டும்.

மறுப்பாளரிடம் இன்னும் ஒரு வலுவான வாதம் இருந்தது. உச்சச் சக்திக்குக் கீழே ஏராளமான மெல்லிய இலத்திரன்களும் இறங்குகின்றனவே; அழுத்தப்படி ஒன்றின் வழியாக வீழ்ந்திருந்தால் அவை எவ்வாறு வந்தன? 1974இல் டேவிட் எவன்ஸ் அளித்த விடை எளிமையினால் நம்மைக் கவர்கின்றது. வளிமண்டலத்தைத் தாக்கிய இலத்திரன்களிற் சில பின்னோக்கிச் சிதறுகின்றன. புதிதாகச் சில வெளியேறுகின்றன. இவை மேலே ஏறி அழுத்தப்படியைத் தாண்ட இயலாது மீண்டும் வீழ்கின்றன. மேலே மின்சுவர், கீழே வளிமண்டலம். இடையே அகப்பட்டவை அவை. அவை மேலிருந்து வந்தவையல்ல, கீழிருந்து புறப்பட்டுத் திரும்பியவையே.

தடையில்லாக் கம்பி என்ற பழைய மறுப்புக்கும் 1973இல் நயிற் என்பவர் கணக்கினால் விடை தந்திருந்தார். புவியை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் வலுக்கின்றது. புலம் வலுக்கும் பக்கமாகச் சுழன்று செல்லும் துணிக்கை, தன் முன்னோக்கிய வேகத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்சிக்குக் கொடுத்து, ஈற்றில் நின்று திரும்பிவிடும். ஏறத்தாழ நேராக இறங்குபவை மட்டுமே வளிமண்டலத்தை அடையும். அவையோ மிகச் சில. மின்னோட்டம் கேட்கும் அளவுக்கு ஆட்கள் இல்லை. மோதல் ஏதுமின்றியே காந்த ஆடி தடைபோல் தொழிற்படுகின்றது. தேவையான ஓட்டத்தைக் கொடுப்பதற்கு, திரும்பிப்போகும் இலத்திரன்களையும் கீழ்நோக்கி இழுக்கவல்ல மின்புலம் இக்குறுகிய பாதையில் தோன்றியே ஆதல் வேண்டும்.

இவ்வாறு தருக்கம் முதிர்ந்திருந்த வேளையில், 1976 ஜூலையில், அமெரிக்க விமானப்படை எஸ்3-3 என்னும் சிறு செய்மதியை ஏவியது. முன்னைய துருவச் செய்மதிகள் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றரோடு நின்றுவிட்டன. இதுவோ ஒவ்வொரு சுற்றிலும் 8,000 கிலோமீற்றர் வரை ஏறி இறங்கியது. அதாவது, ஆர்முடுகல் நிகழும் களத்தின் கீழே நின்று விளைவை மட்டும் பார்த்து வந்தவர்கள் முதன்முறையாகக் களத்தினுள்ளேயே கருவியை அனுப்பினர்.

முதற் செய்தி அயன்களைப் பற்றியது. ஷெல்லி, ஷார்ப், ஜோன்சன் ஆகிய மூவர் அவ்வாண்டிலேயே அறிவித்தபடி, காந்தப்புலக் கோட்டை ஒட்டி மெல்லிய கற்றைகளாக அயன்கள் மேல்நோக்கி விரைந்துகொண்டிருந்தன. அவற்றின் சக்தி ஆயிரக்கணக்கான இலத்திரன் வோல்ற்று. இலத்திரன்கள் கீழே எறியப்படும் இடத்தில் நேரேற்ற அயன்கள் மேலே எறியப்படுகின்றன என்றால், அங்கே மேல்நோக்கிய மின்புலம் உண்டு என்பதன்றி வேறு விளக்கம் தேடுதல் அரிது. மேலும், அவ்வயன்களில் ஐதரசனோடு, ஓர் இலத்திரனை மட்டும் இழந்த ஒட்சிசனும் காணப்பட்டது. சூரியனின் கொதிநிலையில் ஒட்சிசன் பல இலத்திரன்களை இழந்தே வரும். ஒற்றை ஏற்றமுடைய ஒட்சிசன் நமது வளிமண்டலத்துக்கே உரியது. காந்தமண்டலத்தை நிரப்பும் துணிக்கைகள் யாவும் சூரியனின் கொடை என்ற கருத்து இத்துடன் ஆட்டங்கண்டது. புவியும் விண்ணுக்குத் தன் பங்கை அனுப்புகின்றது. துருவ ஒளிக்கு மேலுள்ள இம்மின்புலம் அதற்கான ஏற்றிகளுள் ஒன்று.

இரண்டாவது செய்தி மின்புலத்தைப் பற்றியது. இதனை அளக்கும் முறையைச் சற்று விளக்குதல் தகும். செய்மதியிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் நீண்ட கம்பிகள் நீட்டப்பட்டு, அவற்றின் நுனிகளில் கோளங்கள் பொருத்தப்படுகின்றன. இரு கோளங்களுக்கிடையேயான அழுத்த வித்தியாசத்தைத் தூரத்தால் வகுக்க மின்புலம் கிடைக்கும். சொல்வது எளிது. சூரிய ஒளி பட்ட உலோகம் இலத்திரன்களை உமிழ்கின்றது. செய்மதி தானே ஏற்றமடைகின்றது. அதன் அசைவினால் பிளாஸ்மாவில் நிழல்போன்ற தடம் விழுகின்றது. அளக்கவேண்டிய புலத்தைவிட அளக்கும் கருவியின் தொந்தரவு பெரிதாகிவிடும் அபாயம் என்றும் உண்டு. பேர்க்லி வளாகத்துப் போரெஸ்ற் மோசரும் குழுவினரும் இவற்றையெல்லாம் கழித்து 1977இல் வெளியிட்ட பதிவுகளில், காந்தப்புலத்துக்குக் குறுக்காக, மீற்றருக்கு நூற்றுக்கணக்கான மில்லிவோல்ற்று அளவிலான புலங்கள், ஒன்றையொன்று எதிர்நோக்கும் சோடிகளாகக் காணப்பட்டன. அமைதியான நிலையில் அவ்வுயரங்களில் எதிர்பார்க்கக்கூடியது இதிற் சிறு பங்கே.

குறுக்குப்புலச் சோடி எவ்வாறு சமாந்தரப் புலத்துக்குச் சான்றாகும் என வாசகர் வினவலாம். சமஅழுத்தக் கோடுகளை வரைந்து பார்த்தால் விடை தெரியும். மேலே நின்று பார்க்கையில் அவை காந்தப்புலக் கோடுகளை ஒட்டி இறங்குகின்றன. ஒளிவில்லின் மேலே, சில ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில், வளைந்து மறுபுறமாக மீண்டும் மேலேறுகின்றன. வளைவின் அடிப்பகுதியில் மின்புலம் காந்தப்புலத்துக்குச் சமாந்தரம். இரு பக்கச் சுவர்களிலும் குறுக்கு. செய்மதி பக்கவாட்டில் பறப்பதால் சுவர்களை இருமுறை கடக்கின்றது, அடியைத் தொடுவது அபூர்வம். சுவர்கள் உண்டெனில் அடியும் உண்டு.

துணிக்கைகளைக் கொண்டு இதனைச் சரிபார்க்கவும் வழியுண்டு. செய்மதியை அடையும் இலத்திரன்களின் சக்தி, அதற்கு மேலேயுள்ள அழுத்த வித்தியாசத்தைக் கூறும். கீழிருந்து வரும் அயன் கற்றையின் சக்தி, அதற்குக் கீழேயுள்ளதைக் கூறும். ஏறும்போது முன்னது குறைந்து பின்னது கூடவேண்டும். கூட்டுத்தொகை மாறாதிருத்தல் வேண்டும். 1981 ஓகஸ்டில் ஒன்றாக ஏவப்பட்ட டைனமிக்ஸ் எக்ஸ்புளோரர் செய்மதிகள் இரண்டும் இதற்கெனவே வாய்த்தவைபோல் அமைந்தன: ஒன்று 23,000 கிலோமீற்றர் வரை ஏறிற்று, மற்றது தாழப் பறந்தது. இரண்டும் ஒரே காந்தப்புலக் கோட்டைக் கடந்த வேளைகளில், மேலே அளந்த அயன் சக்தியும் கீழே அளந்த இலத்திரன் சக்தியும் போதிய அளவு ஒத்துப்போயின.

இதன் பின் செய்மதிகள் பெருகின. பிரான்சும் சோவியத் ஒன்றியமும் இணைந்து ஓரியோல் வரிசையை 1971 முதல் அனுப்பிவந்தன. சுவீடனின் முதலாவது செய்மதியாகிய வைக்கிங் 1986 பெப்ரவரியில் 13,500 கிலோமீற்றர் வரை சென்றது. 1992இல் சீன றொக்கற்று ஒன்றினால் ஏவப்பட்ட பிரேயா, மின்னோட்டம் கீழ்நோக்கிப் பாயும் இடங்களில் இதே அமைப்புத் தலைகீழாக நிற்பதைக் காட்டியது: அங்கே இலத்திரன்கள் மேல்நோக்கி எறியப்படுகின்றன, கீழே வானத்தில் ஒளிகளுக்கிடையே இருண்ட திட்டுகள் தோன்றுகின்றன. 'கரிய துருவ ஒளி' என்று ஆய்வாளர் அதற்குப் பெயரிட்டனர். கவிஞர் எவரும் இடக்கூடிய பெயர்தான்.

1996 ஓகஸ்டில் ஏவப்பட்ட பாஸ்ற் செய்மதி தனியே குறிப்பிடத்தக்கது. 350 தொடக்கம் ஏறத்தாழ 4,200 கிலோமீற்றர் வரையான பாதையில் 2009 வரை அது தொழிற்பட்டது. முன்னைய கருவிகள் பல செக்கன்களில் எடுத்த பதிவை இது செக்கனின் நூறிலொரு பங்கு அளவான இடைவேளைகளில் எடுத்தது. செக்கனுக்குப் பல கிலோமீற்றர் பறக்கும் கருவிக்கு இது சிறிய வேறுபாடன்று. மங்கலான ஏட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்ததற்கு அது நிகர். அழுத்த வித்தியாசம் பல ஆயிரம் கிலோமீற்றருக்குச் சீராகப் பரந்திருக்கவில்லை என்பதும், அதன் கணிசமான பங்கு மிக மெல்லிய இரட்டைப் படைகளில் குவிந்திருக்கக்கூடும் என்பதும் இதனால் தெரியவந்தன. காந்தப்புலத்துக்குச் சமாந்தரமான மின்புலத்தையே நேரடியாக அளந்ததாக ஏர்கன் முதலியோர் 2001இல் அறிவித்தனர். அல்வேன் 1995இல் மறைந்துவிட்டார்.

அதே 2001இல், ஐரோப்பாவின் கிளஸ்ரர் செய்மதிகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அமைப்பைக் கடந்த நிகழ்ச்சியொன்றை மார்க்லண்ட் குழுவினர் வெளியிட்டனர். ஒற்றைச் செய்மதிக்கு என்றும் ஒரு குறை உண்டு: தான் கண்ட மாற்றம் இடத்தால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று அது கூறமுடியாது. நான்கு சாட்சிகள் வரிசையாகக் கடந்தபோது, கீழ்நோக்கிய ஓட்டப்பகுதியின் மின்புலம் சில நிமிடங்களுக்குள் வளர்ந்து தேய்ந்ததைக் காணமுடிந்தது. வரைபடத்தில் அசையாப் பொருளாகக் காட்டப்படும் அமைப்பு உண்மையில் தோன்றி வளர்ந்து அழியும் நிகழ்வு என்பதை இயக்கவியல் பயின்ற வாசகருக்கு நாம் வலியுறுத்தவேண்டியதில்லை.

இந்த ஏடுகளை நமக்குத் தேடித் தந்தவர் யார் என்பதையும் மறைக்கவியலாது. மின்னோட்டத்தைக் கண்டது அணுவாயுத நீர்மூழ்கிகளுக்கு வழிகாட்டும் திட்டம். மின்புலத்தைக் கண்டது விமானப்படையின் செய்மதி. அயன்மண்டலத்தினூடு தொலைத்தொடர்பு, தொடுவானுக்கு அப்பால் நோக்கும் ராடர், வட துருவத்தின் மேலாகப் பறந்துவரக்கூடிய ஏவுகணை ஆகியவை பற்றிய கவலைகளே இத்துறைக்குப் பணத்தைத் திருப்பின. இதனைக் கொண்டு அவ்விஞ்ஞானம் முழுவதும் பனிப்போரின் நிழல் என்று தீர்ப்புக் கூறுவோர் நம்மிடையே உளர். அது வரட்டுவாதம். படைத்துறை பணம் கொடுத்தது. சான்றை அது ஆக்கவில்லை. எஸ்3-3 அனுப்பிய எண்கள், அவை எவர் பணத்தில் பெறப்பட்டன என்பதால் கூடவோ குறையவோ இல்லை. எனினும் எவ்வினா முதலில் கேட்கப்படும், எது பத்தாண்டு காத்திருக்கும் என்பதைப் பணமே தீர்மானித்தது. தம் காலத்துப் படைத்துறை தம்மைக் கைவிட்ட பின் உரத்தொழிலால் ஆய்வு நடத்திய பேர்க்லண்டை இவ்விடத்து மீண்டும் நினைத்துக்கொள்ளலாம்.

இத்துடன் வினா தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. நிலையான அழுத்த வித்தியாசம் ஒளிவில்லின் ஒரு வகையை நன்கு விளக்குகின்றது; மற்றொரு வகையில் இலத்திரன்கள் ஒரே சக்தியுடன் வராமல் எல்லாச் சக்திகளிலும் கலந்து வருகின்றன. துருவப் பக்கத்து எல்லையிலும், ஒளி திடீரெனப் பொங்கும் வேளைகளிலும் இது மிகுதி. காந்தப்புலக் கோடு வீணைத் தந்திபோல் அதிர்ந்து அனுப்பும் அலைகளை அல்வேன் 1942இல் முன்னுரைத்திருந்தார். புவியை நெருங்கும்போது, அலையின் குறுக்ககலம் போதிய அளவு சிறிதாயின், அதற்குச் சமாந்தர மின்புலம் உண்டாகி, அலையோடு ஏறத்தாழ ஒத்த வேகமுடைய இலத்திரன்களைத் தூக்கிச் செல்லும். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், 20 மீற்றர் அளவு நீண்ட பிளாஸ்மாக் கலமொன்றினுள் இவ்வலைகளைச் செலுத்தி, அவை இலத்திரன்களுக்கு ஆர்முடுகல் அளிப்பதை ஷ்ரோடர் முதலியோர் 2021இல் நேரடியாக அளந்தனர். பேர்க்லண்டின் கண்ணாடிக் கலத்துக்கு இது நூற்றிருபது ஆண்டு பிந்திய வாரிசு.

அதே ஆண்டில், யப்பானின் அராசே செய்மதியின் பதிவுகள், ஆர்முடுகற் களம் 30,000 கிலோமீற்றருக்கும் அப்பால் எட்டக்கூடும் எனக் காட்டின. எஸ்3-3 வரைந்த எல்லை மேலே நகர்ந்துகொண்டிருக்கின்றது. வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ கலம் அங்கே 400,000 வோல்ற்று வரையான அழுத்த வித்தியாசங்களைக் கண்டது எனினும், அக்கோளின் மிகப் பிரகாசமான ஒளிக்கு அவை காரணமல்ல, எல்லாச் சக்திகளும் கலந்த கூட்டமே காரணம் என 2017இல் மௌக் குழுவினர் அறிவித்தனர். புவியில் இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த வகை அங்கே முதலிடம் பெறுகின்றது. ஓர் ஒளிவில்லுக்குள் நிலையான மின்புலமும் அலையும் எவ்விகிதத்தில் கலந்துள்ளன, ஒன்று மற்றொன்றாக எக்கணத்தில் மாறுகின்றது என்ற வினாவோடுதான் இன்று ஆய்வாளர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றனர்.